நான்காவது வைஸ்

இரும்பைச் சீவி வெட்டும் மில்லிங் மெஷின் மாடி அறைக்கு வந்து அன்றோடு முப்பத்தெட்டு நாள். அதற்குள் வைஸ் மட்டும் மூன்று தடவை மாறிவிட்டது. இப்போது மெஷின் மேசையில் உட்கார்ந்திருந்தது நான்காவது.

கேட்டால் சின்ன விஷயம்தான். வெட்டுகிற இரும்பு அசையாமல் கவ்விப் பிடிக்க இரண்டு தாடை. ஒன்று நிற்கும், இன்னொன்று நகரும். அதைத் தேர்ந்தெடுப்பதில் என்ன இருக்கிறது? நாத்தனார் போனில் கேட்டே விட்டாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்ததே ரெண்டு வாரத்துல முடிஞ்சுது. ஒரு இடுக்கி பார்க்க இத்தனை நாளா அண்ணி?"

மாப்பிள்ளை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் குடித்தனம் நடக்கும் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டாள்.

மெஷினைப் பொழுதுபோக்குக்காகத்தான் வாங்கினாள். ஆனால் அவளுடைய ஆர்வத்தைக் கேள்விப்பட்ட ஒரு பட்டறை முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். "டிகிரியை நீயே வச்சுக்கோ. உன் மெஷின்ல ஒரு இரும்புக் கட்டை செஞ்சு கொண்டா. ஆறு பக்கமும் சதுரமா இருக்கணும். ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்குக்கு மேல கோணிச்சுன்னா வராதே. சரியா இருந்தா மறுநாள்லேர்ந்து வேலைக்கு வா." மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாகப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு இது திறந்த முதல் கதவு. கெடு நாளைக் காலை பத்து மணி.

கட்டை கோணியது. எப்போதும் ஒரே மாதிரி கோணியது. அவள் பக்கம் மெலிந்து, பின்பக்கம் தடித்து, நூறில் எட்டு பங்கு. முன்னால் இருக்கும் நகரும் தாடையை இறுக்கும்போது அது லேசாக மேலே எழும்பும், கட்டையையும் கூடவே தூக்கும், அதனால் முன்பக்கம் அதிகமாக வெட்டுப்படும் என்று புத்தகம் சொன்னது. மெஷினோடு வந்த வைஸைக் கழற்றி வைத்தாள். இரண்டாவது நல்ல கனம். ஆனால் அதன் பின்பாகம், கட்டர் மாட்டிய தலையைத் தாங்கும் மெஷின் தூணில் இடித்துக்கொண்டு மேசையை நகரவே விடவில்லை. அதிலும் வளைத்து நெளித்து ஒரு கட்டை வெட்டினாள். எட்டு. மூன்றாவதில் தாடைக்கு அடியிலேயே கொக்கி. இறுக்க இறுக்கக் கீழ்நோக்கி இழுக்கும், எழும்ப வழியே இல்லை. எட்டு.

கணவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டுத்தான் பாடினார். "விட்டுத்தள்ளும்மா. இதைவிட நல்லதா ஒன்னு வாங்கு." ஒரு ஜோடி செருப்புக்கு நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர், வைஸ் என்றால் மட்டும் வள்ளலாகிவிடுவார். நான்காவதை அவரே போய் வாங்கி வந்தார்.

இன்று மத்தியானம் அதிலும் வெட்டிப் பார்த்தாள். மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை அளந்தாள். எட்டு.

அழுகை வரவில்லை, பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது. அவளுடையது. ஸ்பேனரை எடுத்து வைஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினாள். நகரும் தாடை இப்போது பின்னால். குற்றம் வைஸினுடையது என்றால் இந்தத் தடவை பின்பக்கம் மெலிய வேண்டும்.

முன்பக்கமே மெலிந்தது.

கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மெஷினோடு வந்த பரிசோதனைத் தாள் அங்கே ஒட்டியிருந்தது. 'தூண் செங்குத்து: சரி.' கையெழுத்து, முத்திரை. கல்லூரி ஆய்வகத்திலிருந்தே முத்திரை குத்திய தாளைக் கேள்வி கேட்காமல் பழகிவிட்டாள். வைஸ், கட்டர், திருகாணி என்று எல்லாவற்றையும் சோதித்தவள் தூணைத் தொடவே இல்லை. மெஷின் தலையை உச்சிக்கு ஏற்றிவிட்டு, மூலைமட்டத்தை மேசைமேல் நிறுத்தித் தூணோடு ஒட்டினாள். மேலே தொட்டது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. தூண் அவளைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தது; அதோடு சாய்ந்த கட்டர்தான் முன்பக்கத்தை அதிகமாக வெட்டியிருக்கிறது.

கணவர் டீயோடு உள்ளே வந்தபோது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"யாருக்கு?"

"மெஷின் வித்தவருக்கு. பொய்த் தாள் குடுத்திருக்கார்."

"பாவம், அவரை எதுக்கு இழுக்கிறே? அஞ்சாவதா ஒரு வைஸ்..."

"இன்னொரு தடவை வைஸ்னு சொன்னீங்க, இதுக்குள்ள உங்க விரலை வச்சு இறுக்கிடுவேன்."

விற்பனையாளர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், அந்தக் கையெழுத்து என்னோடதுதான். நானே நின்னு அளந்தேன். எடுத்துட்டு வரும்போது எங்கயாவது அடி பட்டுச்சா?"

"உங்க வண்டியில பெட்டி பிரிக்காம வந்துச்சு. வாசல்ல பிரிச்சப்போ தூணை நான்தான் துடைச்சேன், கீறல்கூட இல்ல. அப்புறம் எண்ணெய் வாங்க நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, எங்க வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் மாடிக்கு ஏத்திட்டாங்க. பச்சைக் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கினேன்னு இவரே சொன்னார்."

"அப்போ நான்தான் தப்பா அளந்திருக்கணும் மேடம்." குரல் இறங்கியது. "அடி படலேன்னு எழுதி, தூக்கினவங்க கையெழுத்தோட அனுப்புங்க. எங்க முதலாளிகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதினாள். கணவர் பக்கம் தள்ளினாள். "போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"டீ ஆறுது" என்றார். 

"ஆறட்டும். கையெழுத்துப் போடுங்க."

"மாடிப்படியில, மூணாவது படி மூலை உடைஞ்சிருக்கு பார்த்தியா?"

"பார்த்தேன். எப்போ உடைஞ்சதுன்னு அன்னைக்கே கேட்டேன். பழசுன்னு சொன்னீங்க."

போனில் விற்பனையாளர் இன்னும் காத்திருந்தார். கணவர் அவளைப் பார்க்கவில்லை. வைஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"பழசு இல்லம்மா. நான்தான் மெஷினைக் கீழ போட்டுட்டேன்."