கேள்விக்குள் ஒரு பெயர்

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் அந்த விரிவுரையாளருக்கு விடைத்தாள் திருத்தும்போது பொறி தட்டியது. தான் வகுப்பில் சொல்லியே தராத ஒரு குறுக்குவழியில் பாதி வகுப்பு கணக்குப் போட்டிருந்தது. வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் தேர்வு அது. இந்த வழி எங்கிருந்து முளைத்தது என்று இணையத்தில் துழாவினாள். விடை விற்கும் ஒரு தளத்தில் அவளுடைய கேள்வித்தாள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மேலே அவள் பெயர், கீழே யாரோ போட்டுக்கொடுத்த விடைகள்.

கோபம் வந்தது. அதைவிட, இதை எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகம் வந்தது. தளத்துக்கு எழுதிக் கேட்டாள். கேள்வித்தாள் கல்லூரியின் சொத்து, கல்லூரிதான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. கல்லூரியிலோ, "பார்க்கலாம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த தம்பியிடம் புலம்பினாள். காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் சொந்தத் தகவல் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"அக்கா, அந்தப் பக்கத்துல உன் பேரு இருக்குல்ல?"

"இருக்கு. அதனால என்ன?"

"கேள்வி யாரோடதா வேணா இருக்கட்டும். பேரு உன்னோட சொந்தத் தகவல். அழிக்கச் சொல்லிக் கேளு. சட்டப்படி அவங்க பதில் சொல்லியாகணும்."

"ஒரு பேருக்காக மொத்தத் தாளையும் எடுப்பாங்களா?"

"கேட்டுத்தான் பாரேன்."

கேட்டாள். சில நாளில் தாள் காணாமல் போனது. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பெயர் இருந்த மேல்வரியை மட்டும் நறுக்கிவிட்டு, அதே தாளை யாரோ மறுபடி ஏற்றியிருந்தார்கள்.

"தலையை வெட்டிட்டு உடம்பை வச்சிருக்காங்கடா," என்று தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்போ வெட்ட முடியாத இடத்துல பேரை வை," என்றான்.

அடுத்த தேர்வில் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் அவளே முழுப் பெயரோடு நடமாடினாள். ஒன்றில் பேருந்துக்குக் காத்திருந்தாள். இன்னொன்றில் முட்டை வாங்கினாள், அதில் சில அழுகல். தேர்வு எழுதும்போதே மாணவர்கள் கேள்வியைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றினால் பெயரும் கூடவே வரும். உட்கார்ந்து பெயரை மாற்றித் தட்டச்சு செய்யத் தேர்வில் நேரம் கிடையாது. அவள் பெயர் தளத்தில் தலைகாட்டும்போதெல்லாம் விடாமல் எழுதினாள். அவள் தொல்லை தாங்காமல், அந்தப் பெயர் உள்ள எதையும் ஏற்றவே முடியாதபடி தளத்துக்காரர்களே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

பருவத் தேர்வின் கேள்விகளிலும் அவளே நடமாடினாள். அது முடிந்ததும் விடைகளைத் திறந்தாள். மதிப்பெண் சரிந்திருந்தது. ஒரு மாணவியின் கணக்குப்படி, கேள்வியில் வரும் விரிவுரையாளர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பேருந்து வந்து போய்விட்டது. காத்திருந்த நேரம் பூஜ்யத்துக்கும் கீழே. வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் அந்த மாணவியைக் கூப்பிட்டாள். "இந்த விடை எப்படி வந்துச்சு?"

"நானே போட்டது மேடம்," என்றாள் அவள், தலை குனிந்தபடி.

"அது பார்த்தாலே தெரியுது. எப்படிப் போட்டேன்னு சொல்லு," என்று இவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.