நட்சத்திரத்துக்கு மூன்றாவது ஷிப்ட்

இசக்கிமுத்துவின் குவார்ட்டர்ஸில் பதினான்காவது ஆளாக நல்லசாமி வந்து சேர்ந்தபோது சுவர்கள் ஒரு விரற்கடை வெளியே தள்ளின. அளக்க வந்த ஆள், டேப்பை விரிக்க உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பல்லிகூடப் பக்கவாட்டில்தான் நடந்தது.

இசக்கிமுத்து நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். கோவில்பட்டியிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த சொந்தங்கள் பதினொரு பேர். எல்லாருக்கும் காலை ஏ ஷிப்ட், இல்லையென்றால் மதியம் பி ஷிப்ட். ஆகவே ராத்திரியில் எல்லாருக்கும் பாய் வேண்டும். கீழே நிரம்பியதும் பரணில் இரண்டு பேர் ஏறினார்கள்.

மகள் காந்திமதி சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல். திங்கட்கிழமை அவள் பேச வேண்டும். பேச்சு தேறினால்தான் ஆராய்ச்சிக்கு இடம். உட்கார்ந்தாள், எழுந்தாள், நடக்க இடமில்லாததால் மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் பேசப்போவது இதுதான்: செத்த பெரிய நட்சத்திரம் ஓர் ஊரளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உள்ளே நியூட்ரான்கள் நெரிந்து நிற்கின்றன. இன்னும் நெரித்தால் அவை உடைந்து, உள்ளிருக்கும் குவார்க்குகள் ஒன்றாகக் கலந்துவிடும் என்று ஒரு கணக்கு. ஒரே வகையில் ஓர் ஆற்றல்படிக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்பது அவற்றின் சட்டம். இரண்டு வகைக் குவார்க்குகள் தங்கள் கீழ்ப்படிகளை அடைத்துவிட்டால் மிச்சம் மேலே மேலே ஏற வேண்டும். சில, மூன்றாவது வகையாக மாறிக்கொண்டால் அதற்குரிய கீழ்ப்படிகள் காலியாகக் கிடைக்கும்.

“அப்ப எல்லாமே ஏன் மூணாவதா மாறிடல?” என்று ஒத்திகையில் பேராசிரியர் கேட்டார். காந்திமதி சமன்பாட்டைச் சொன்னாள். “அது சமன்பாடு சொல்லுது. நீ என்ன சொல்ற?” என்றார் அவர். திங்கட்கிழமையும் இதைத்தான் கேட்பார்.

வியாழக்கிழமை காலையில் பரணைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது.

“மாமா, நீங்க சி ஷிப்ட் கேட்டா என்ன? ராத்திரி உங்க மூலையில நான் உக்காந்து படிச்சுக்கிடுதேன்.”

“பகல்ல தூங்குறவனுக்கு எவன் தாயி பொண்ணு குடுப்பான்?” என்றார் நல்லசாமி.

“இப்ப மட்டும் குடுக்கானா?” என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா சுப்புலட்சுமி.

அன்றே நல்லசாமி மாறிக்கொண்டார். மறுநாள் வந்து, ராத்திரியில் மைன்ஸ் குற்றாலம் மாதிரி இருக்கிறது, மேஸ்திரியே டீ ஆற்றித் தருகிறார் என்றார். சி ஷிப்ட்டுக்கு ஆளே கிடைக்காமல் இருந்த மேஸ்திரி, சனிக்கிழமைக்குள் பதினொரு பெயரையும் எழுதிக்கொண்டார்.

சனி இரவு வீடு மைதானம். ஆறு மாதத்தில் முதல்முறையாகக் காலை நீட்டிய காந்திமதி, நோட்டைத் திறக்கும் முன்பே தூங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை பதினொரு பேரும் திரும்பி வந்து படுத்தார்கள். இரண்டு பேர் மறுபடி பரண் ஏறினார்கள். அவளுடைய நோட்டு நல்லசாமியின் தலைக்கடியில் போய்விட்டது. இழுத்தாள்.

“விடு தாயி, கழுத்துக்கு எணக்கமா இருக்கு.”

“ராத்திரி நெருக்கடியப் பகலுக்கு மாத்திட்டியேட்டி” என்றார் இசக்கிமுத்து.

இரண்டு தலைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றிருந்த காந்திமதி பரணைப் பார்த்தாள். நோட்டை இழுப்பதை விட்டாள்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு பஸ் ஏறினாள். பேராசிரியரின் அதே கேள்வி வந்தது.

“எல்லாம் மாறினா மூணாவதோட கீழ்ப்படியும் அடைஞ்சிரும் சார். அங்கயும் பரண் ஏறணும். மூணும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்தாச்சுன்னா, அதுக்கு மேல மாறி லாபமில்ல.”

“பரணா? எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“மாமா தலைக்கடியில சார்.”

பேராசிரியர் அதையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். “ஜூலையில வந்து சேர்ந்துக்கோ” என்றார்.

வீடு திரும்பியதும் காந்திமதி, ஏ நாலு, பி நாலு, சி மூன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். பசை காய்வதற்குள் வாசலில் ஒருவர் தகரப் பெட்டியை இறக்கினார்.

“கோவில்பட்டியில இருந்து வாரேன். இசக்கிமுத்து வீடு இதுதானா?”

“இதுதான். உங்களுக்கு எந்த ஷிப்ட்?” என்றாள்.