நாற்காலியின் முதுகில் ஒரு பெயர்

கணபதி என்ற பகுதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய குடோன்தான் கைத்தாங்கல் அறக்கட்டளை. அடிபட்டவர்களுக்கும் படுக்கையில் விழுந்தவர்களுக்கும் சக்கர நாற்காலி, வாக்கர், கட்டில் என்று வாடகையில்லாமல் கொடுப்பார்கள். தேவை தீர்ந்ததும் திரும்ப வாங்கித் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நடத்துகிறவர் ராமாமணி, ஓய்வு பெற்ற நர்ஸ். பொருட்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் டெம்போக்காரர் ரசாக்.

டிசைன் படிக்கும் நவ்யா, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருந்தாள். அறக்கட்டளைக்குப் புது லோகோ, புது வெப்சைட் செய்து தருவது அவள் வேலை. பழைய வெப்சைட்டைத் திறந்தால் முதலில் பூமழை பொழியும், பிறகு ராமாமணியின் பாஸ்போர்ட் போட்டோ வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. நவ்யா முழுவதையும் மாற்றினாள். ஒருவர் அக்குளுக்குக் கீழே இன்னொருவர் கை கொடுத்துத் தாங்குவதுபோல அவள் வரைந்த லோகோவைப் பார்த்து ராமாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத வெப்சைட்டோட நிறுத்தக் கூடாது அம்மணி. நம்ம சேரு ஊரெல்லாம் போகுது, ஆரு குடுத்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்லைன்னு நமக்குப் பணம் குடுக்கற மில்லுக்காரரு சொல்லிட்டே இருக்காரு."

நவ்யாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். எல்லா நாற்காலிகளுக்கும் ஆரஞ்சு நிற ரெக்சினில் புது முதுகுப்பகுதி தைக்கக் கொடுத்தாள். அதில் லோகோ, கீழே 'கைத்தாங்கல் அறக்கட்டளையின் இலவச உதவி' என்ற எழுத்து. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று தானே நின்று பார்த்து எழுத்தைப் பெரிதாக்கினாள். வெளியே கொடுத்திருந்த நாற்காலிகளுக்கும் ரசாக் வீடு வீடாகப் போய் மாட்டிவிட்டு வந்தார்.

சில நாளில் காரமடையிலிருந்து தமிழ்ச்செல்வன் என்பவர் போன் செய்தார். மனைவி மாசாணத்துக்கு வாங்கிய நாற்காலி இனி வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"மாசாணத்துக்குக் கால் நல்லாயிருச்சாட்ட இருக்குது" என்று ராமாமணி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நீயும் போயிட்டு வா. நடக்கறாப்பல ஒரு போட்டோ எடுத்தாந்தா வெப்சைட்ல போடலாம்."

நவ்யா ரசாக்கின் டெம்போவில் போனாள். மாசாணம் நடக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைத் தமிழ்ச்செல்வன் பின்னாலிருந்து பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. சக்கர நாற்காலி மாட்டுக்கொட்டகையில் பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது.

"ஏனுங்கம்மா, கால் இன்னும் சரியாகலையே. அப்பறம் ஏன் சேரத் திருப்பித் தர்றீங்க?" என்று கேட்டாள் நவ்யா.

தமிழ்ச்செல்வன் உத்தரத்தைப் பார்த்தார். மாசாணம்தான் வாய் திறந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை எம்பட புள்ளைக்கு உப்புச்சர்க்கரை மாத்தறாங்க கண்ணு." அந்தப் பக்கத்தில் நிச்சயத்தை அப்படித்தான் சொல்வார்கள். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அத்தன பேரும் வாராங்க. பொண்ணப் பெத்தவ முன்னால ஒக்காந்து தட்ட வாங்கோணும். முதுகுக்குப் பின்னால 'இலவச உதவி'ன்னு போர்டு மாட்டிக்கிட்டா ஒக்காருவேன்? ரேசன் கடையில குடுக்கற சேலையிலகூட எழுத்துப் போடறதில்ல."

நவ்யாவுக்கு முகம் சுட்டது. "அப்ப அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?"

"உள்ள கட்டில்லயே படுத்துக்கறேன். தட்ட எம்பட நாத்தனா வாங்கட்டும்."

"மாட்டும்போதே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களே!" என்றார் ரசாக்.

"ஏனுங்க பாய், நீங்க பாட்டுப் பாடிக்கிட்டு அத்தன ஆசையா மாட்டறீங்க. ஓசியில குடுத்தவங்ககிட்ட அது நொட்டை இது நொள்ளைன்னு சொல்ல முடியுமா?" என்றார் மாசாணம்.

நவ்யா போட்டோ எடுக்கவில்லை. நாற்காலியை ஏற்றிக்கொண்டு இருவரும் திரும்பினார்கள்.

"நாந்தான் ஸ்குரூவக் கழட்ட முடியாதபடி முடுக்கிப்போட்டேன்" என்றார் ரசாக் வழியில்.

"எழுத்தப் பெருசாக்கினது நானுங்கண்ணா."

நடந்ததைக் கேட்ட ராமாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆஸ்பத்திரியில பெட்ஷீட்டு, கிண்ணம், எல்லாத்துலயும் பேரு போட்டிருக்கும். பாத்துப் பாத்துப் பழகிட்டேன். ஊட்டுக்குள்ள போற பொருள்னு எனக்கும் தோணலையே."

"பேரு வெப்சைட்ல இருக்கட்டும் மேடம், வாசல்ல இருக்கட்டும். சேர்ல வேண்டாம். நம்ம சாமான் அவங்க ஊட்ல இருக்கறவரைக்கும் அது அவங்க சாமானா இருக்கோணும்."

"மில்லுக்காரரு கேட்டா?"

"வெப்சைட்டத் தொறந்து பாக்கச் சொல்லுங்க."

ராமாமணி சிரித்துவிட்டார்.

கல்லூரியில் காட்டுவதற்கு நவ்யா வைத்திருந்த வேலைகளில் அந்த ஆரஞ்சு நாற்காலிப் படம்தான் மிக அழகானது. அதை எடுத்துவிட்டாள். மறுநாள் சீட் கவர் தைக்கும் கடையில் உட்கார்ந்து, கருநீல ரெக்சினில் ஓர் எழுத்தும் இல்லாமல் ஒரு முதுகுப்பகுதி தைத்து வாங்கினாள். மற்றவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசாக்கும் அவளும் காரமடைக்கு நாற்காலியைக் கொண்டுபோனார்கள். மாசாணம் அதன் முன்னும் பின்னும் கையால் தடவிப் பார்த்தார்.

"அடியில கிடியில எழுதிப்போடலையே?"

"கவுத்துக் காட்டட்டுங்களா?" என்றார் ரசாக்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று தமிழ்ச்செல்வன் பிடித்து உட்கார வைத்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டார்கள். ரசாக் வேன்களை ஒதுக்கி நிறுத்தப் போய்விட்டார். பழைய சுடிதாரில் வந்த நவ்யா கூடத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள்.

மாசாணம் பட்டுச் சேலையில், மல்லிகைப் பூவோடு, கூடத்தின் நடுவே நாற்காலியில் அமர்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய தட்டை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

"சேரு பாந்தமா இருக்குதுங்களே. எங்க வாங்குனீங்க? எங்க மாமனாரு வழுக்கி உழுந்து கட்டிலே கதின்னு கெடக்கறாரு."

"எந்தம்பி திருப்பூர்ல இருந்து அனுப்பிச்சு உட்டானுங்க" என்றார் மாசாணம் கண் சிமிட்டாமல்.

பொய்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவள் அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்யை ஆண்டவன் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். நவ்யாவுக்கும் அது வலிக்கவில்லை.

"எந்தக் கடைன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

மாசாணத்தின் கண் கூடத்தைச் சுற்றி வந்து நவ்யாவிடம் நின்றது.

"திருப்பூரு வரைக்கும் போக வேண்டாமுங்க" என்று நவ்யா முன்னால் வந்தாள். "இதே சேரு கணபதியில ஒரு எடத்துல கெடைக்குது. நம்பர் தாரேன். கூப்பிட்டாப் போதும், ஊட்டுக்கே வந்து குடுத்துருவாங்க."

"நீ ஆரு கண்ணு?"

"நம்ம புள்ளைதானுங்க" என்றார் மாசாணம்.

சம்பந்தியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நவ்யா சொல்லச் சொல்ல நம்பரைப் போனில் அழுத்தினார்.

"பேரு என்னன்னு போடறது?"

"கைத்தாங்கல்னு போட்டுக்குங்க."

மாசாணம் மடியிலிருந்த தட்டைச் சரிசெய்துகொண்டு, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர்போலச் சொன்னார்:

"தைரியமாக் கூப்பிடுங்க. ரொம்ப நல்லவங்களாமா."