கதவில் ஒட்ட ஒரு படம்

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்தாமென் கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு யோவ்காவின் முற்றத்துக்கு வந்தார். ஜூலை வெயில். கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தார்.

“நாளைக்கு ரயிலேறி சோஃபியாவுக்குப் போறேன். வயித்துல ஆபரேஷன். வீட்டுல ஸ்லாத்காவுக்குத் தெரியாது. தம்பி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். என்ன ஒரு படம் எடுத்துக் குடு.”

“அதுக்கு எதுக்குண்ணே படம்?”

“செத்தா கதவுல ஒட்ட வேண்டாமா? செத்துப்போன பெத்கோவுக்கு அடையாள அட்டைப் படத்தப் போட்டாங்க. கம்பத்துக்குக் கம்பம் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நின்னான்.”

அவர்களுடைய லோம் ஊரில் ஒருவர் இறந்தால் படத்தோடு ஒரு தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் தெருக் கம்பங்களிலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் இன்னொன்று. வருடம் திரும்பினால் இன்னொன்று. படம் மட்டும் மாறாது.

கேமராவின் ஃபிலிம் சுருளில் இரண்டு கட்டங்கள் மீதி இருந்தன. யோவ்கா அவரை வெள்ளைச் சுவரோரம் நிறுத்தினாள். லுபிதெல் என்ற அந்தப் பழைய பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தாள். உள்ளிருந்த கண்ணாடியில் அவர் இடம் வலம் மாறி நின்றார்.

“என்னப் பாக்காம உன் தொப்புளப் பாத்துக்கிட்டிருக்கே.”

“அசையாதீங்கண்ணே.”

“சிரிக்கலாமா?”

“பாக்கறவங்க அழணும்ல.”

அவர் சிரித்துவிட்டார். அந்த நொடியில் அழுத்தினாள்.

வேலிக்கதவு கிறீச்சிட்டது. ஸ்லாத்கா ஒரு கிண்ணம் தயிரோடு உள்ளே வந்தாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாப்பிள்ளை தயார். பொண்ணு யாரு?”

“லைசென்ஸ் புதுப்பிக்கணும்” என்றார் ஸ்தாமென்.

“அப்ப என்னையும் ஒண்ணு எடு, யோவ்கா.”

அவர் நின்ற இடத்திலேயே போய் நின்று தலைமுடியை ஒதுக்கினாள். அவள் வேறெதுவும் கேட்பதற்குள் எடுத்துவிட வேண்டும். யோவ்கா அவசரமாக லென்ஸோர விசையை இழுத்து அழுத்தினாள். இந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் சுருளைக் கையால் நகர்த்துவது தனி வேலை. நகர்த்த மறந்தால் அது தடுக்காது.

மத்தியானம் குளியலறையில் சுருளைக் கழுவி எடுத்தபோது கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு முந்தியதில் இருவரும் இருந்தார்கள். அவருடைய நெற்றிக்குள் அவளுடைய முடி. அவருடைய சிரிப்பின் மேல் அவளுடைய மூடிய வாய். உயிரோடிருப்பவளின் முகத்தைக் கதவில் ஒட்ட முடியாது. வீட்டில் வேறு சுருள் இல்லை. கடைகள் மூடியிருந்தன. மறுநாள் காலை ஆறு மணி ரயிலில் அவர் போய்விடுவார். இருந்தும் தாளில் ஒரு பிரதி போட்டாள். அவரை எப்படித் தனியாகக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்லாத்காவே வந்துவிட்டாள்.

“அவரு பை அடுக்குறாரு. படத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கெட்டுப்போச்சுக்கா. என் தப்புதான். ரெண்டு பேரும் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துட்டீங்க.”

ஸ்லாத்கா ஈரத்தாளை விளிம்பில் பிடித்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். நீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது. துடைக்கவில்லை.

“லைசென்ஸுக்குக் கலர்ல கேக்குறாங்க” என்றாள். “உன் பெட்டியில கறுப்பு வெள்ளைதானே.”

யோவ்கா கைகளைத் துண்டில் துடைத்தாள். ஏற்கெனவே உலர்ந்த கைகள்.

“பெயின்ட் அடிக்கப் போற ஆளு, புதுப் பைஜாமா ரெண்டு எடுத்து வைக்கிறாரு. பழைய சட்டை ஒண்ணுகூட எடுக்கல.”

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னு உங்கிட்டயாவது சொன்னாரா?”