எண்பத்திரண்டும் அறுபதும்

கிரேன் ஓட்டும் அவள் கணவர் அன்று மாலை சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற வேலை. வருடம் ஒரு முறை கவனச் சோதனையில் தேறினால்தான் மேலே ஏற விடுவார்கள். போன வருடம் அறுபது வாங்கியிருந்தார். இந்த வருடம் நிறுவனம் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. அங்கே எண்பத்திரண்டு.

"வயசு ஏற ஏற எனக்கு மூளையும் ஏறுது பாத்தியா," என்று சான்றிதழை மேசைமேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சான்றிதழை எடுத்தாள். சந்தோஷப்படத்தான் எடுத்தாள். கொஞ்ச நாளாக அவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார், இடது கைப் பட்டனைப் போடாமலே கிளம்புகிறார். அந்தச் சங்கதியெல்லாம் இந்த எண்ணோடு ஒழியட்டும் என்று நினைத்தாள்.

கீழே பொடி எழுத்தில் இருந்தது: இவர் வயதுக்காரர்களின் சராசரி தொண்ணூற்றிரண்டு, மற்றவர்கள் அதைச் சுற்றிச் சிதறி நிற்கிற அளவான திட்ட விலக்கம் ஐந்து. அலமாரியிலிருந்து போன வருடத்துச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். அதில் சராசரி ஐம்பது, விலக்கம் பத்து.

வகுப்பில் அவளே சொல்லிக்கொடுக்கிற கணக்குதான். வேறு வேறு தேர்வுகளின் மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிட்டால் முழத்தையும் படியையும் ஒப்பிட்ட கதையாகிவிடும். சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, அந்தத் தூரத்தில் எத்தனை விலக்கம் அடங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். போன வருடம் சராசரிக்கு மேலே ஒரு விலக்கம். இந்த வருடம் கீழே இரண்டு. மணி போன்ற வளைவை ஒரு தாளில் வரைந்தாள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் போன வருடம் அவருக்குப் பின்னால் எண்பத்து நான்கு பேர். இந்த வருடம் இரண்டே பேர்.

எங்கேயோ தப்பு என்று மறுபடி போட்டாள். விடை மாறவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. காலையில் அவர் மேலே ஏறிவிடுவார். கீழே ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள்.

துண்டோடு வந்தவரிடம், "நாளைக்கு ஏறாதீங்க," என்றாள்.

அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. அறுபதுக்கு ஏற விட்டவர்கள் எண்பத்திரண்டுக்கு இறங்கச் சொல்வார்களா, எண்பதைத் தாண்டினால் தேர்ச்சி என்று டாக்டரே எழுதியிருக்கிறாரே என்று சத்தம் போட்டார். அவள் தாளை அவர் பக்கம் திருப்பி, வளைவின் வால் பகுதியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

"போன தடவை சராசரிக்கு மேல இருந்தீங்க. இப்ப இந்தக் கீழ் ஓரத்துல நிக்கறீங்க."

அவர் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"இடது பக்கம் நிக்கற ஆளு சில நேரம் கண்ணுக்குப் படறதில்ல. நேத்து ஒருத்தன் மயிரிழையில தப்பிச்சான். யார்கிட்டயும் சொல்லல. பாஸ்னு போட்டதும், எல்லாம் என் பிரமைன்னு நெனச்சேன்."

 தன் பயம் வெறும் பயம் என்று அவர் அடித்துப் பேசுவார் என்றுதான் உள்ளுக்குள் காத்திருந்தாள்.

காலையில் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து விடுப்புச் சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் இரண்டு சான்றிதழ்களையும் பார்த்தார், வேறு கேள்வி கேட்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். மண்டை ஓட்டுக்கு அடியில் வலப்பக்கம் ரத்தம் கசிந்து தேங்கி, இடப்பக்கத்தைக் கவனிக்கிற மூளைப் பகுதியை அழுத்திக்கொண்டிருந்தது. கிரேன் கூண்டின் இரும்புக் கதவில் எப்போதோ தலையை இடித்துக்கொண்டதாகக் கணவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே மண்டையில் ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே அவளால் எந்தக் கணக்கும் போட முடியவில்லை.

பிழைத்துக்கொண்டார். கிரேனுக்குத் திரும்பவில்லை. கீழேயே வேலை கொடுக்கும்படி அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பயம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது தண்ணீர்த் தம்ளரை அவருக்கு இடப்பக்கம் வைத்துவிட்டு, தட்டைப் பார்ப்பதுபோல் காத்திருக்கிறாள். அவர் கை நீண்டு அதை எடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.