ஏழு மணி ஐந்து நிமிடம்

உஷாராணி தலைமாட்டு மெழுகுத்திரியை மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய திரி அடிவரை எரிந்து, ஸ்டூலின் மேல் மெழுகு ஓடிக் கெட்டிப்பட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் பாக்யராஜ் குனிந்து காதருகே சொன்னான்.

“அண்ணி, கம்பெனிலேர்ந்து ஆபீசர் வந்துகிறாரு. உங்கிட்டதான் பேசணுமாம்.”

“இப்பவா?”

“ரெண்டு நிமிஷம்ன்றாரு.”

ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் கணவன் அருள்தாஸ் படுத்திருந்தான். கண்ணாடியில் நீர் கோத்து முகம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு எழுந்தாள். இரவு முழுக்க உட்கார்ந்திருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது.

வாசலில் போட்டிருந்த சாமியானாவுக்குக் கீழே அந்த அதிகாரி எழுந்து நின்றார். பெயர் அரிகரன். சேதராப்பட்டு தொழிற்சாலையில் ஆட்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்ப்பவர். பேச்சில் குறை சொல்ல முடியாத மனிதர்.

“ரொம்ப வருத்தம்மா. பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நாள் கூட யாரையும் எதுத்துப் பேசினதில்ல” என்றார். பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “அடக்கச் செலவுக்குக் கம்பெனி ஒரு தொகை குடுக்குது. அதுக்கு ஒரு கையெழுத்து வேணும்.”

உஷாராணி பத்தாவது வரை படித்தவள். தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப்போல மெதுவாகப் படித்தாள். திரு. அருள்தாஸ் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பணி முடித்து, பஞ்ச் செய்து, ஆலையை விட்டு வெளியேறிய பின்னர் இயற்கையாக இறந்தார் என்று இருந்தது. நிர்வாகத்தின் மேல் குடும்பத்தாருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் இருந்தது.

“செலவுக்குக் கையெழுத்துன்னீங்க. இதுல வேற இன்னமோ எழுதிகீதே சார்.”

“வழக்கமா எழுதறதுதாம்மா. எடுக்கறதுக்குள்ள முடிச்சிட்டா எனக்குச் சுலபம். மேல ரிப்போர்ட் அனுப்பணும்.”

“அடக்கம் ஆவட்டும்.”

தாளை அவர் கையில் தராமல் நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பாக்யராஜ் பின்னாலேயே வந்தான்.

“லில்லி படிப்பு பாதில நிக்குது அண்ணி. குடுக்கறத வாங்கிக்கலாம். கேக்கறதுக்கு நமக்கு யாருகிறா?”

அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்பதற்கு ஆள் இருந்தது.

அப்போது ஆலையில் ஒவ்வொருவராக மாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ‘ஸ்டாஃப்’. காக்கிச் சட்டைக்குப் பதில் நீலச் சட்டை, சம்பளமும் கூடும். அருள்தாஸ் அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே நான்கு நாள் வைத்திருந்தான். துவைக்கப் போட்டபோது எடுத்துப் பார்த்தவள் உஷாராணிதான்.

“சங்கம் சங்கம்னு இன்னாத்தக் கண்டோம்? வருஷத்துக்கு ஒருவாட்டி கேட்ல கத்திகினு நிக்கறதும் சம்பளம் புடிக்கறதும்தான். போட்டுட்டு வா” என்று சொன்னாள். மகள் லில்லிக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்த நேரம். “மணிமாறன் மூஞ்சில எப்படி முழிக்கறது?” என்றான் அருள்தாஸ். மறுநாள் போட்டுவிட்டான்.

மணிமாறன் சங்கச் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வீடு இருந்த சோரியாங்குப்பம் வரைக்கும் வண்டியில் வந்தார். உஷாராணி வாசற்படியிலேயே நின்றுகொண்டு, அவர் தூங்குகிறார் என்றாள். உள்ளே அருள்தாஸ் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சரிம்மா, வந்தேன்னு சொல்லு” என்று மணிமாறன் போய்விட்டார். சங்கத்தில் பாதிக்குமேல் ஆள் குறைந்த பிறகு அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு ஆனது. ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் கிடையாது என்றார்கள். ஒரு லைனுக்கு ஒரு மாற்றாள் இருந்ததை எடுத்தார்கள். சம்பளம் உச்சவரம்பைத் தாண்டியதால் வைத்தியத்துக்கு இருந்த ஈஎஸ்ஐ கார்டும் போயிற்று. அருள்தாஸ் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் அவளைப் பாகூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம். அதைக்கூட விட்டுவிட்டான்.

பதினொன்றரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. பதினான்கு பேர் இறங்கினார்கள். தேவநாதன் என்பவர் மெஷினில் சிக்கிச் செத்தபோது மூன்று பஸ் நிறைய ஆட்கள் போனதாக அருள்தாஸ் சொல்லியிருக்கிறான். நிர்வாகம் எழுதிக் கொடுக்கும்வரை சங்கம் உடலை எடுக்கவிடவில்லை. தேவநாதன் பெண்டாட்டிக்குக் கேன்டீனில் வேலை வந்தது. மூன்று ஷிப்டுக்கும் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகக் கேட்டில் ஒரு வண்டி எப்போதும் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டதும் அப்போதுதான்.

வந்தவர்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அரிகரன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவும் இல்லை. பேக்கிங் பகுதியில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் சத்யா மட்டும் உஷாராணியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும். கை காய்ப்புக் காய்த்து மரப்பலகை மாதிரி இருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“அஞ்சரைக்கே நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னாருக்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன். மாத்தறதுக்கு ஆளில்ல, லைன் நின்னுடும், ஏழு மணி வரிக்கும் பாத்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. மெஷினப் புடிச்சிகினே நின்னாரு. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிடுச்சி.”

உஷாராணி இன்னும் அருகே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பஞ்ச் பண்ணிட்டு அவரா நடந்துதான் கேட்டுக்குப் போனாரு. வண்டி இல்ல. இப்பல்லாம் வண்டி நிக்கறதில்லக்கா. எதுர டீக்கடைல உக்காந்து சோடா கேட்டாரு. கடைக்காரர் ஒடச்சிகினு வரதுக்குள்ள...”

சத்யா நிறுத்தினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

“ஒரு மணி நேரந்தான் பர்மிஷன். அதுக்குள்ள பஸ் திரும்பிப் போயாவணும்” என்று எழுந்தாள். எழுந்தவள் மறுபடி குனிந்தாள். “எம்பேர எங்கயும் சொல்லிடாதக்கா. ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினுகிறேன். வூட்டுக்காரரும் இல்ல.”

உஷாராணி அவள் கையை ஒருமுறை அழுத்தி விட்டாள்.

மூன்று மணிக்கு மாதா கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி முடித்தார். சவப்பெட்டியைத் தூக்க உறவுக்காரர்கள் ஐந்து பேர்தான் தோள் கொடுக்க நின்றார்கள். பஸ்ஸில் வந்துபோன நீலச் சட்டைக்காரர்களை நம்பி பாக்யராஜ் வேறு யாரையும் சொல்லி வைக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் யாரையோ கூப்பிடப் போனான். அதற்குள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வந்து பின்பக்க மூலையில் தோளை வைத்தார். தாடியெல்லாம் நரைத்திருந்தது. மணிமாறன் என்று உஷாராணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

கல்லறையில் மண் தள்ளும்வரை அரிகரன் இருந்தார். பிறகு தாளைப் பாக்யராஜிடம் கொடுத்து, காலையில் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் வீடு கழுவி விட்டிருந்தது. மணிமாறன் வாசலில் நின்றார்.

“உள்ள வாங்கண்ணா” என்றாள் உஷாராணி.

அவர் வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். இப்போது பாகூருக்கும் கடலூருக்கும் நடுவே லோடு ஆட்டோ ஓட்டுவதாகச் சொன்னார். லில்லி பக்கத்து வீட்டிலிருந்து காபி வாங்கிவந்து வைத்தாள். அவர் குடித்து முடித்தார். பாக்யராஜ்தான் அந்தத் தாளை எடுத்து நீட்டினான். அவர் ஒரே தடவை படித்துவிட்டுத் தரையில் வைத்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா அதோட முடிஞ்சிது. போடலன்னா லேபர் ஆபீசுக்கு மனு குடுக்கலாம். வேலை நேரத்துலயே ஆரம்பிச்சுதுன்னு நிரூபிக்கணும்.”

“நீங்க வந்து பேசினா ஆவாதா?” என்றான் பாக்யராஜ்.

“முன்னல்லாம்னா உள்ள போயி லாக்புக்க எடுன்னு கேப்பேன். எடுத்துதான் ஆவணும் அவங்க. இப்ப நான் யாரு? வாட்ச்மேன் கூட கேட்டத் தொறக்க மாட்டான். அருள்தாஸ் தம்பி கையெழுத்துப் போட்டுக் குடுத்த அன்னிக்கே அவருக்காகப் பேசற உரிமை எனக்குப் போயிடுச்சி.” குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை. உஷாராணிக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். “கூட வேல செஞ்சவங்க யாராவது பாத்திருப்பாங்கம்மா. ஒருத்தர் வந்து சொன்னாப் போதும். இன்னிக்கு யாராவது உங்கிட்ட எதுனா சொன்னாங்களா?”

லில்லி அம்மாவைப் பார்த்தாள். சத்யா பேசியபோது அவளும் அருகில்தான் இருந்தாள்.

“யாரும் பாக்கலண்ணா” என்றாள் உஷாராணி.

மணிமாறன் அவளையே பார்த்தார். எத்தனையோ வருஷம் ஆட்களோடு பேசிப் பழகியவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

“அப்ப கஷ்டம்மா. வருஷக்கணக்கா அலையணும். தனியா.”

“அலையறேன்.”

“அண்ணி” என்றான் பாக்யராஜ்.

“நீ சும்மா இருப்பா.”

லில்லி நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துப் பேனாவோடு வந்தாள். தானே எழுதுவதாக உட்கார்ந்தவளிடமிருந்து உஷாராணி பேனாவை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இவ்வளவு பெரிய தாளில் எதுவும் எழுதியதில்லை. மணிமாறன் சொல்லச் சொல்ல, இடது பக்கத்தில் அனுப்புநர் என்று எழுதினாள். கீழே தன் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் க/பெ என்று எழுதிவிட்டுக் கை நின்றது.

“அவரு பேருக்கு முன்னால லேட்னு போடணுமாண்ணா?”

“போடணும்மா.”

அவள் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டு, அருள்தாஸ் என்று எழுதினாள். பிறகு கீழே இறங்கி, வீட்டு விலாசத்தை எழுத ஆரம்பித்தாள்.