ஒரு முட்டை ஓடு நல்லெண்ணெய்

"வாயைத் தொற. ஒரே மடக்கு."

"அத்தே, நேத்துதான முழுங்குனேன். உவ்வே!"

"நேத்து முழுங்குனது நேத்தோட சரி. இடுப்பெலும்பு உறுதியாவ வேண்டாமா? ஏட்டி தங்கபுஷ்பம், இவ கையப் பிடி!"

தங்கபுஷ்பம் மகளின் கையைப் பிடித்தாள். அவளுடைய நாத்தனார் பேச்சித்தாய், பச்சை முட்டையை மாரிச்செல்வியின் வாயில் ஊற்றிவிட்டு, அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிரப்பினாள். சடங்கான பெண்ணுக்கு அந்த வீட்டில் பதினாறு நாள் அப்படிக் கொடுப்பது வழக்கம். பேச்சித்தாய்க்கு நிறுத்தத் தெரியவில்லை, எட்டு மாதமாகிறது. கூடவே கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, ஆலங்குளத்துச் சொந்தங்கள் சுமந்துவரும் அதிரசம், முந்திரிக்கொத்து.

பதின்மூன்று வயதில் மாரிச்செல்வி எழுபது கிலோவைத் தொட்டிருந்தாள். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் கால்கள் மட்டும் நாற்காலிக்கடியில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் ஓடக் கூடாது, மாடிக்குப் போகக் கூடாது, அருவிக்குப் போகக் கூடாது. 'வயதுக்கு வந்த பெண், விளையாட விட வேண்டாம்' என்று பள்ளிக்கூடத்துக்குத் தங்கபுஷ்பமே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்று மாரிச்செல்வி கையை உருவிக்கொண்டு சிரித்தபடி துள்ளினாள். எண்ணெய் தரையில் கொட்டியது. அதிலேயே வழுக்கிக் கையூன்றி விழுந்தாள்.

"அடிப்பாவி, எண்ணெய் பூரா போச்சே!" என்றாள் பேச்சித்தாய். பிறகுதான் மணிக்கட்டு தொங்குவதைப் பார்த்தாள்.

தென்காசியில் எலும்பு டாக்டர் ஜாஹிரா பீவி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். விழுந்த கதையைக் கேட்டதும் சிரிப்பை மறைக்க அந்தப் படத்தையே முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"எலும்பு பலப்படணும்னுதான டாக்டர் கொடுத்தோம்" என்றாள் தங்கபுஷ்பம்.

"சாப்பாடு கொடுத்தீங்க, சரி. வேலை கொடுத்தீங்களா? எடைய மட்டும் ஏத்திவிட்டு உக்கார வெச்சா எலும்பு எப்படித் தாங்கும்? இது எலும்பு வளருத வயசும்மா. ஓடணும், குதிக்கணும், மேல வெயில் படணும்."

"வயசுக்கு வந்த புள்ள..."

"புள்ள வந்துட்டா. எலும்பு இன்னும் வரல."

அத்தனை வலியிலும் மாரிச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். மேலும் ஒரு மாதம் கழித்து, "இனி குதிக்கட்டும், அந்தக் கைக்கு மட்டும் வேலை வேண்டாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை குற்றாலத்துச் சாரல் ஊருக்குள்ளும் வந்து வெயிலோடு விளையாடிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் கொடியில் கிடந்த துணிகளை அள்ளிப் பேச்சித்தாயின் கையில் திணித்தாள். கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மகளோடு தெருவில் இறங்கினாள்.

"ஏட்டி, நாலு பேரு பாக்காங்க! இந்த வீட்டுல எந்தப் பொம்பளப்புள்ளயாவது சடங்கான பொறவு தெருவுல குதிச்சதுண்டா?"

"இல்ல மதினி. அதான் மாடி ஏறுனா உங்களுக்கும் எனக்கும் முட்டு கழண்டுட்டு வருது."

எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்தன. தங்கபுஷ்பம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனை ஈரத்தில் கிடந்தது. கயிறு சுழலும்வரை காத்திருக்க மாரிச்செல்வியால் முடியவில்லை. அதற்குள் குதிக்கத் தொடங்கிவிட்டாள். எழுபது கிலோவும் மண்ணை விட்டு எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. மூச்சிரைக்க, வாசலில் துணிக்குவியலோடு நின்றவளைப் பார்த்துக் கத்தினாள்:

"அத்தே, துணியப் போட்டுட்டு வந்து அந்த முனையப் பிடிங்களேன்!"